அரை மில்லிமீட்டர் பொட்டு

தமிழ் சினிமாவில் ஒரு வாடகைக் கொலையாளி உண்டு. பார்த்திருப்பீர்கள். கறுப்புக் கண்ணாடி, கறுப்பு கோட்டு, கையில் கிடார் வைக்கிற மாதிரி ஒரு பெட்டி. எதிர் பில்டிங் மொட்டை மாடிக்கு ஏறுவார். பெட்டியைத் திறந்து குழலைத் திருகி, கட்டையை மாட்டி, கடைசியாக ஒரு ஸ்கோப்பை 'டிக்' என்று பொருத்துவார். ஒற்றைக் கண்ணை மூடுவார். வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி. அதற்கு நடுவே மந்திரியின் வழுக்கைத் தலை. அவர் விசையை அழுத்துவதற்கும் கதாநாயகன் குறுக்கே பாய்வதற்கும் சரியாக இருக்கும். குண்டு தோளில் உரசும். இடைவேளை.

கதாநாயகன் பாய்ந்திருக்கவே வேண்டாம் என்பதுதான் விஷயம். கழற்றி மாட்டிய ஸ்கோப் அநேகமாகப் பழைய இடத்தில் உட்காராது. காகிதத்தில் நாலைந்து தடவை சுட்டுப் பார்த்து, ஓட்டை எங்கே விழுகிறது என்று கவனித்து, ஸ்கோப்பின் மேலேயும் பக்கத்திலேயும் இருக்கிற திருகுகளை 'க்ளிக் க்ளிக்' என்று திருப்பி, கூட்டல் குறியையும் ஓட்டையையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வரவேண்டும். இதற்கு 'ஜீரோ பண்ணுவது' என்று பெயர். அது பண்ணாத துப்பாக்கியால் மந்திரியைக் குறிவைத்தால், பக்கத்தில் குடை பிடிக்கிற பி.ஏ.வுக்குத்தான் ஆபத்து.

டெபிட், கிரெடிட் தவிர வேறொன்றும் தெரியாத பி.காம். ஆசாமிக்கு இதெல்லாம் எதற்கு என்றால், உத்தமபாளையத்தில் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். திராட்சைத் தோட்டம். அவருக்கு ஒரே பெண். காலேஜில் என்.சி.சி. கேம்ப்பில் பாயின்ட் டூ டூ ரைஃபிளைக் கையில் கொடுத்துச் சுடச் சொன்னதில், கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் மண்மேட்டைச் சுட, இவள் மட்டும் அட்டையைச் சுட்டிருக்கிறாள். மதுரையில் ஒரு பயிற்சியாளர் பார்த்துவிட்டு, "பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தப் பெண் தேறுவாள்" என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. "வீரபாண்டித் திருவிழாவுல பலூன் கடைக்காரன் அவளப் பாத்தாலே கடையைச் சாத்துவான்ல" என்றார். (கௌமாரியம்மன் திருவிழாவின் பலூன் துப்பாக்கிகளில் குழல் ஒரு பக்கம் பார்க்கும், குறிமுள் ஒரு பக்கம் பார்க்கும். அதில் சுட்டு எவர்சில்வர் டம்ளர் ஜெயிப்பவர்களுக்கு ஒலிம்பிக்கில் நேரடி அனுமதி கொடுக்கலாம் என்பது என் கட்சி.)

விஷயம் அதுவல்ல. சித்தப்பா ஒரு கொட்டேஷனோடு வந்திருந்தார். இரண்டே அயிட்டம். உள்நாட்டுத் தயாரிப்பு ஏர் ரைஃபிள், முப்பத்தொன்பதாயிரம். அதன் மேலே மாட்ட வெளிநாட்டு ஸ்கோப், நாற்பத்தெட்டாயிரம்.

"துப்பாக்கியை விட ஸ்கோப்பு விலை ஜாஸ்தியா இருக்கே சித்தப்பா?"

"ஏப்பா, துப்பாக்கி சும்மா குழாய்தேன். கண்ணு முக்கியம்ல? இருபத்து நாலு மடங்கு பெருசாக் காட்டுமாம். கம்பத்துல நின்னா குமுளி மலையில மேயுற ஆட்டுக்குக் கொம்பு எத்தனைன்னு எண்ணலாமாம்."

ஒரு போக மகசூலில் கடன், மருந்து, கூலி எல்லாம் போக மிஞ்சிய பணம் அது. தப்பான அயிட்டத்தில் போட்டால் அடுத்த போகம் வரைக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெல்லட் கூட வாங்க முடியாது.

அண்ணன் ஸ்தானத்தில் கொட்டேஷனைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். முதல் கேள்வியிலேயே கணக்கு முடிந்துவிட்டது. அவள் போகப்போகிற போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது!

உலகத் துப்பாக்கிப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் சம்மேளனம், ஒலிம்பிக்கில் நடக்கிற ரைஃபிள் பிரிவுகள் எதிலுமே ஸ்கோப்பை விடுவதில்லை. 2008ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா, 2019ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2024ல் பாரிஸில் ஐம்பது மீட்டரில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, எல்லாரும் வெறும் ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் சுட்டார்கள்.

"ஓட்டையா?" என்றார் சித்தப்பா, ஏமாற்றப்பட்டவர் போல.

ஓட்டைதான். கண்ணுக்குப் பக்கத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டரில் ஒரு துளை. குழலின் முனையில் ஒரு வளையம். பத்து மீட்டருக்கு அப்பால் கறுப்பு வட்டம். துளைக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு, மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார வேண்டும். இதன் பெயர் பீப் சைட். அந்தக் கறுப்பு வட்டம் மொத்தமே 30.5 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிசு. அதன் நட்டநடுவில் பத்து மார்க்குக்கான பொட்டு, அரை மில்லிமீட்டர். போடி ஏலக்காய் வியாபாரிகள் எட்டு மில்லிமீட்டர் காய் என்றால் முதல் தரம் என்பார்கள். இது அதில் பதினாறில் ஒரு பங்கு. கசகசாவில் பாதி. சுடுகிற பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர், அதாவது பொட்டைப் போல் ஒன்பது மடங்கு. சுடுகிறவர் கண்ணுக்கு அந்தப் பொட்டு தெரியாது. தெரியாததைத்தான் சுட வேண்டும்!

லென்ஸே இல்லாத துளை எப்படி உதவும் என்று கேட்பீர்கள். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். ஊசியால் ஒரு துளை போடுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையைக் கண்ணோடு ஒட்டி வைத்து, மங்கலாகத் தெரிந்த காலண்டரைப் பாருங்கள். தேதி தெரியும். ராகு காலம் கூடத் தெரியும். பரந்து வருகிற ஒளியை வெட்டிவிட்டு ஒல்லியான கற்றையை மட்டும் துளை உள்ளே விடுவதால், கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்து தெளிகிறது. துப்பாக்கியில் இது தேவை. ஏனென்றால் முனை வளையம் கையெட்டும் தூரத்தில், டார்கெட் பத்து மீட்டரில். மனுஷக் கண் ஒரே நேரத்தில் இரண்டிலும் நிலைக்காது. துளை அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கிறது.

இந்த எளிய சமாசாரத்திலும் க்ளிக் உண்டு, ஜீரோ உண்டு. பெய்ஜிங்கில் பிந்த்ராவுக்கு நடந்தது அதுதான். ஃபைனலுக்கு முன்னால் ஒத்திகைக் குண்டு சுட்டிருக்கிறார். நடுவில் விழ வேண்டியது எங்கேயோ போய் விழுந்தது. சைட் நகர்ந்திருக்கிறது. யாரோ கை வைத்திருக்கலாம் என்பது அவருடைய சந்தேகம். நம்மாளாக இருந்தால் அங்கேயே ஒரு மறியல் நடத்தியிருப்போம். மனிதர் க்ளிக்குகளைத் திருப்பி, சைட்டைச் சரிக்குக் கொண்டுவந்து, சுட ஆரம்பித்தார். கடைசிக் குண்டு வரும்போது ஃபின்லாந்துக்காரரோடு சமநிலை. கடைசியில் விழுந்தது 10.8. மொத்தம் 700.5. தனிநபர் விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். என்னைக் கேட்டால், அவர் தன் சைட்டின் ஒவ்வொரு க்ளிக்கும் எவ்வளவு நகர்த்தும் என்று விரல் நுனியில் வைத்திருந்ததற்குத்தான் பாதித் தங்கம்.

சித்தப்பா விஷயத்தைக் கணக்காகவே போட்டேன். பெண்கள் ஏர் ரைஃபிள் 2018லிருந்து ஆண்களைப் போலவே அறுபது குண்டு. 500 பெல்லட் உள்ள ஒரு டப்பா, பயிற்சியைச் சேர்க்காமலே எட்டு மேட்ச்சுக்கு மேல் காணாது. உடம்பு ஆடாமல் தாங்கிப் பிடிக்கிற கேன்வாஸ் ஜாக்கெட் ஒன்று வேண்டும். நல்ல பீப் சைட் ஒன்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சுட இடம் வேண்டும். மதுரையில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. உத்தமபாளையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். தேனி வரைக்கும் பஸ், அப்புறம் ரயில். (அகலப் பாதையாக்குகிறேன் என்று பிடுங்கிய தண்டவாளத்தில் 2022 மே மாதம்தான் தேனிக்கு மறுபடி ரயில் வந்தது. 2023 ஜூனில் போடிக்கும் நீண்டது. அதுவரை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரயிலைக் கேரம் போர்டு, ரங்கராட்டினம் மாதிரி ஒரு விளையாட்டுச் சாமான் என்றே நினைத்திருந்தன.)

ஸ்கோப்பின் நாற்பத்தெட்டாயிரத்தில் சைட், ஜாக்கெட், பெல்லட் போக, வாராவாரம் மதுரைக்குப் போய்வர ஒரு வருஷத்துக்குப் பணம் இருந்தது. பிரச்னை பணத்தில் இல்லை. சித்திதான் பிடி கொடுக்கவில்லை. "சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் பொம்பளப்பிள்ள தனியா மதுரைக்குப் போயிட்டு எப்ப வரும்?"

தங்கச்சி அதுவரை பேசவில்லை. "அம்மா, எப்படியும் போறேன்னுதான் அண்ணன் கணக்குப் போட்டுருக்காரு. நீ கூட வர்றதா இருந்தா ரெண்டு டிக்கெட்டா மாத்தச் சொல்லு" என்றாள். சித்தி மீனாட்சி அம்மனைப் பார்த்து வருஷக் கணக்காகிறதாம். இரண்டு டிக்கெட்டாக மாற்றினேன். பெல்லட்டில் ஒரு டப்பா குறைந்தது.

* * *

அப்படியானால் ஸ்கோப் வாங்குகிறவர்கள் எல்லாம் முட்டாள்களா? இல்லை. ஸ்கோப்புக்கென்றே போட்டிகள் இருக்கின்றன. மேஜையில் மணல் பையை அண்டக் கொடுத்துச் சுடுகிற 'பெஞ்ச்ரெஸ்ட்'. ஆயிரம் கஜம் வரைக்கும் போகிற 'எஃப் கிளாஸ்'. இங்கிலாந்தில் பிறந்த 'ஃபீல்ட் டார்கெட்'. இதில் தோப்புக்குள்ளே இஷ்டத்துக்கு வெவ்வேறு தூரத்தில் தகரப் பொம்மைகளை நட்டுவைத்து, ஏர் ரைஃபிளால் தட்டி விழ வைக்க வேண்டும். நம் ஊரிலும் ரிட்டயர்டு ஆசாமிகள் சிலர் மொட்டை மாடியில் காலி ஹார்லிக்ஸ் மூடியை வைத்துச் சாயங்காலப் பொழுதைப் போக்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சில வார்த்தைகள்.

கடைக்காரர் 3-9×40 என்பார். நிலத்தின் சர்வே நம்பர் அல்ல. மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெருக்கும், முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர், அவ்வளவுதான். மடங்கு கூடக் கூட நல்லது என்று நினைப்பது மனித இயல்பு. முன் லென்ஸை மடங்கால் வகுத்துப் பாருங்கள். நாற்பதை ஒன்பதால் வகுத்தால் 4.4. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக் கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். பட்டப் பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும், எனவே தாராளம். அதே நாற்பது லென்ஸில் 24 மடங்கு வைத்தால் 1.7. படம் மங்கும். தலையைத் துளி அசைத்தால் இருட்டும். பார்க்கும் பரப்பும் சுருங்கி, ஹார்லிக்ஸ் மூடியைத் தேடுவதற்குள் சாயங்காலமே முடிந்துவிடும்.

இன்னொன்று, மடங்கு எல்லாவற்றையும் பெருக்கும். உங்கள் கை நடுக்கத்தை, நாடித் துடிப்பை, மே மாதம் தேனி ரோட்டில் தார் மேலே நெளிகிற கானலை, எல்லாவற்றையும். வெயிலில் அந்தக் கானல் டார்கெட்டை நீச்சல் குளத்துக்கு அடியில் போட்ட மாதிரி ஆட்டிவைக்கும். காசு கொடுத்து வாங்கிய 24 மடங்கை பத்துக்கோ பன்னிரண்டுக்கோ இறக்கித்தான் சுட வேண்டியிருக்கும்.

மடங்கை விட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. கடையில் யாரும் கேட்பதில்லை. பாரலாக்ஸ். போடிமெட்டுக்கு ஜீப்பில் போகிறபோது டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடாமீட்டரைப் பாருங்கள். உங்களுக்கு முள் ஐம்பதில் நிற்கும். டிரைவருக்கு நாற்பத்தைந்து. முள்ளுக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் கண் இருக்கிற இடத்தைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. ஸ்கோப்பிலும் இதே கதை. கூட்டல் குறி ஒரு தளத்தில், டார்கெட்டின் பிம்பம் வேறு தளத்தில் விழுந்தால், கன்னத்தை வைக்கிற இடம் மாறும்போதெல்லாம் குறி மாறும். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்புகளைப் பொதுவாக நூறு கஜத்தில் இந்தப் பேதம் வராத மாதிரி அமைத்து அனுப்புகிறார்கள். அதைக் கொண்டுவந்து பத்து மீட்டரில் வைத்தால் படமும் மங்கல், குறியும் நகரும். ஆகவே முன் லென்ஸிலோ பக்கவாட்டிலோ தூரத்தைத் திருப்புகிற வளையம் இருக்கிறதா, அதில் பத்து என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

(ஃபீல்ட் டார்கெட் ஆட்கள் இந்த வளையத்தை வைத்தே தூரத்தை அளக்கிறார்கள். தகரப் பொம்மை எந்த எண்ணில் தெளிகிறதோ, அதுதான் தூரம். அதற்காகவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சக்கரம் மாட்டிக்கொள்வதைப் பார்க்கையில் சிரிப்பு வரும். ஆனால் ஜெயிக்கிறார்கள்.)

திருகுகளில் கால் மினிட் க்ளிக் என்று எழுதியிருக்கும். ஒரு வட்டத்தில் 360 டிகிரி, ஒரு டிகிரியில் 60 மினிட். ஒரு மினிட் கோணம் நூறு மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர் விலகும். கால் மினிட் என்றால் ஏழு. பத்து மீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.7 மில்லிமீட்டர். க்ளிக் யோக்கியமானதா என்று பார்க்க ஒரு வழி: ஒரு குண்டு சுடுங்கள். இருபது க்ளிக் மேலே, சுடுங்கள். இருபது வலது, சுடுங்கள். இருபது கீழே. இருபது இடது. எப்போதும் ஒரே புள்ளியைத்தான் குறிவைக்க வேண்டும். கடைசிக் குண்டு முதல் ஓட்டையிலேயே போய் விழுந்தால் அது குடும்பத்துக்கு ஆகிற ஸ்கோப்.

குழலை ஒடித்து ஏற்றுகிற ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. எல்லாத் துப்பாக்கியும் பின்னால் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்துவிட்டு, உள்ளே பிஸ்டன் போய் முட்டும்போது முன்னாலும் ஒரு இழுப்பு இழுக்கும். ஒரு பக்க உதைக்கு மட்டும் தயாரான விலையுயர்ந்த ஸ்கோப்புகள் கூட இந்த ரெட்டை உதையில் உள்ளே கழன்று கொள்வது உண்டு. 'ஸ்பிரிங் ஏர்கன்னுக்குத் தாங்கும்' என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் வாங்கலாம். மவுன்ட் வழுக்கிப் பின்னால் போகாதபடி ஒரு தடுப்புக்கட்டையும் வேண்டும். ஸ்கோப்புக்கு நாற்பதாயிரம் செலவழித்துவிட்டு மவுன்ட்டுக்கு நானூறில் பேரம் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். பட்டுப் புடவைக்குச் சணல் கயிற்றில் கொடி கட்டுகிற கதை.

எந்த ஸ்கோப்பும் காற்றைக் காட்டாது. தமிழ்நாட்டில் காற்று புகுந்து வருகிற நாலு கணவாய்கள் என்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழியோடு கம்பத்தையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஜூன் மாதம் இங்கே காயப்போட்ட வேட்டி பக்கத்து ஊரில் கிடைக்கும். அரை கிராம் பெல்லட் என்ன ஆகும்? மாடியில் சுடுகிறவர்கள் விடிகாலையில் சுடுங்கள், அல்லது ஆடி கழியட்டும்.

எங்கள் பள்ளத்தாக்கில் சமீப காலத்தில் மிக முக்கியமான ஒரு சூடு நடந்ததும் ஜூனில்தான். 2023 மே 27ம் தேதி அரிக்கொம்பன் கம்பம் நகரத்துக்குள் வந்து வீதிகளில் ஓடியதும், 144 போட்டதும், ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்ததும் மறக்காது. ஜூன் 5 அதிகாலையில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். மயக்க ஊசித் துப்பாக்கி தோட்டாவைச் சுடுவதில்லை. சிரிஞ்சை அனுப்புகிறது. தூரம் தெரிந்து அதற்கேற்ற வேகத்தில் அனுப்ப வேண்டும். குறைந்தால் ஊசி மண்ணில் விழும், கூடினால் யானைக்குக் காயம். அங்கே ஆடு கொம்பு எண்ணுகிற ஸ்கோப் ஒன்றுக்கும் ஆகாது. இருட்டில், யானை திரும்புவதற்குள், தூரத்தைச் சரியாகச் சொல்லுகிற ஒரு மனிதர்தான் வேண்டும்.

யானை என்றதும் இன்னொன்று. 0.177 அங்குலக் குழல், 20 ஜூல் சக்திக்குள் இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு 2016ம் வருட ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அதற்கு மேலே போனால் வேண்டும். லைசென்ஸ் வேண்டாம் என்பதை, எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறவர்கள் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். சுற்றிலும் மலை. மேகமலை 2021லிருந்து ஶ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகம். ஸ்கோப் மாட்டிய துப்பாக்கியோடு சுருளிப் பக்கம் 'சும்மா காத்து வாங்க' போனீர்களானால், அதைச் சும்மா என்று வனத்துறையை நம்பவைக்க நல்ல வக்கீல் வேண்டியிருக்கும். காட்டுப் பன்றி சோளத்தைத் துவம்சம் பண்ணினாலும் அப்படித்தான். காட்டெல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம் என்று 2025ல் அரசு சொன்னது உண்மை. சுடுவது வனத்துறை ஆள், நாம் அல்ல.

கொடியில் பழுத்த திராட்சையைக் கொத்துக் கொத்தாகத் தின்கிற மயிலைப் பார்த்து சித்தப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார். "ஏப்பா, சும்மா பயமுறுத்துறதுக்கு ஒண்ணு தட்டுனா என்ன?"

மயில் முருகனுடைய வாகனம், அதோடு 1972ம் வருட வன உயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, வருஷக் கணக்கில் உள்ளே வைப்பார்கள் என்றேன். அப்படி நடந்தால் பெண்ணை மதுரைக்கு யார் கூட்டிப் போவார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். மறுநாள் வலை வாங்க தேனிக்குப் போனார்.